அசோகப்பட்டைன்னு கொடுத்தது எந்த மரத்துப் பட்டை? (பெரும்பாடு, அம்மாவுக்கு வயசு 47)

கழிஞ்சூர்க்காரி | ஜூன் 3, இரவு 10:12

வணக்கம். இங்க ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போறவ நான். எழுதறது இதான் முதல் தடவை, தப்பு இருந்தா பொறுத்துக்கங்க.

அம்மாவுக்கு எட்டு மாசமா தீட்டு ஒழுங்கா நிக்கிறதில்ல. வந்தா பத்து நாள், பன்னெண்டு நாள். நடுவுல ஒரு வாரம் இடைவெளி, மறுபடியும் ஆரம்பிச்சிடுது. எனக்கே இது போன மாசம்தான் தெரியும். பக்கத்து வீட்டு ஆயா "இதுக்குப் பேரு பெரும்பாடு, அசோகப்பட்டைக் கஷாயம் வெச்சுக் குடிச்சா நின்னுடும்"னு சொல்லி, அவங்க பேரனை விட்டுத் தெருமுனை ஸ்கூல் காம்பவுண்டு ஓரமா நிக்கிற அசோகா மரத்துல பட்டை உரிச்சுக் கொடுத்திருக்காங்க. ரெண்டு மாசமா அம்மா அதைத்தான் குடிச்சிட்டு வந்திருக்காங்க.

நான் கொஞ்சம் படிச்சுப் பார்த்துட்டு, போன வாரம் வேலூர் லாங் பஜார்ல ஒரு நாட்டு மருந்துக் கடையில அசோகப்பட்டை கால் கிலோ வாங்கினேன். வீட்டுக்கு வந்து ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தா சம்பந்தமே இல்ல. ஆயா கொடுத்தது நார் நாரா பிரியுது, கயிறு திரிக்கலாம் போல. கஷாயம் வெளிறின மஞ்சள். துவர்க்கலை, ஒரு மாதிரி கசப்பு. கடையில வாங்கினது கட்டையா, உள்பக்கம் செங்கல் நிறத்துல இருக்கு. கொதிக்க வெச்சா செம்மண் தண்ணி மாதிரி வருது, வாயில வெச்சா நாக்கு இழுத்துப் பிடிக்குது.

இதுல எது உண்மையான அசோகப்பட்டை? எதைக் கொடுக்கலாம், எவ்வளவு கொடுக்கலாம்? ஆயா நல்ல மனசுலதான் செஞ்சாங்க, அவங்களைத் திட்டாதீங்க.

குடியாத்தம்_வாத்தியார் | ஜூன் 3, இரவு 11:05

அம்மா, நான் முப்பத்தொரு வருஷம் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவன். படம் போடாமலேயே முதல் பாதிக்குப் பதில் சொல்லிடறேன். பள்ளிக்கூடக் காம்பவுண்டு ஓரம், ஒல்லியா, கோபுரம் மாதிரி உயரமா, இலை கீழ்நோக்கித் தொங்கிக்கிட்டு நிக்கிறது அசோக மரமே இல்ல. அது நெட்டிலிங்கம். நம்ம மாவட்டத்துல கல்யாண மண்டபம், கலெக்டர் ஆபீஸ், காலேஜ் வாசல்னு எங்க பார்த்தாலும் வரிசையா நிக்கும். ஊர் முழுக்க அதை அசோகான்னுதான் கூப்பிடுது. வகுப்புல வருஷா வருஷம் இதைச் சொல்லுவேன், வருஷா வருஷம் பரீட்சையில "அசோகா"ன்னே எழுதுவான்.

வித்தியாசம் சொல்றேன். நெட்டிலிங்கத்துக்குத் தனி இலை. நீளமா, ஓரம் அலை அலையா இருக்கும். பூ பச்சை நிறம், இலைக்குள்ள இருக்கிறதே தெரியாது. பழம் கொத்துக் கொத்தா, பழுத்தா கருநீலம். ராத்திரி வௌவால் வந்து தின்னுட்டு கொட்டையைத் துப்பிட்டுப் போகும், காலையில வாசல் பெருக்கறவங்க திட்டுவாங்க. அந்த மரம்தான். சீத்தாப்பழம் எந்தக் குடும்பமோ இதுவும் அதே குடும்பம். அந்தக் குடும்பத்துப் பட்டைக்கே நார் ஜாஸ்தி, நீங்க சொன்ன கயிறு அங்கிருந்துதான் வருது.

மருந்துக்குச் சொல்ற அசோகு வேற. சராகா அசோகா. புளி, கொன்றை, மந்தாரை எல்லாம் சேர்ந்த குடும்பம். கூட்டிலை, ஒரு காம்புல நாலஞ்சு ஜோடி சிற்றிலை. தளிர் விடும்போது பார்க்கணும்! செம்பு நிறத்துல துவண்டு, குஞ்சம் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கும். ரெண்டு மரத்துக்கும் இலை தொங்கறதுதான் ஒத்துமை, குழப்பத்துக்கும் அதான் காரணம்னு நினைக்கிறேன். பூ மாசி, பங்குனி வாக்குல வரும். கிளையிலேயே நேரா கொத்தா ஒட்டிக்கிட்டு, ஆரஞ்சா ஆரம்பிச்சு நாளாக நாளாகச் சிவக்கும். வேடிக்கை என்னன்னா அந்தப் பூவுக்கு இதழே கிடையாது. நாம இதழ்னு நினைக்கிற நாலும் புல்லி. ராத்திரியில வாசனை வரும்.

இது மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் ஓடைக்கரையில, நிழல்ல, ஈரத்துல வளர்ற மரம். நம்ம பாலாத்து வெயில்ல தானா முளைச்சு நிக்காது. யாராவது ஆசையா தண்ணி ஊத்தி வளர்த்தா உண்டு. அதனால "தெருவுல இருக்கு, உரிச்சேன்"னு யார் சொன்னாலும் வேலூர்ல நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது அது நெட்டிலிங்கம்தான்.

கடைப்பட்டை எதுன்னு படத்தை வெச்சு நான் சொல்ல மாட்டேன். வெளிப்பக்கம், உள்பக்கம், உடைச்ச முனை மூணையும் நேர்ல காட்டுங்க, ஓரளவு பார்க்கலாம்.

வெயிலூரான் | ஜூன் 3, இரவு 11:20

அப்போ எங்க ஸ்கூல்ல அசோகா மர நிழல்னு சொல்லி லவ் லெட்டர் கொடுத்தது எல்லாம் நெட்டிலிங்க நிழலா சார்? அதான் ஒண்ணும் தேறல.

பேரணாம்பட்டு_பேத்தி | ஜூன் 4, காலை 6:48

வாத்தியாரு சொல்றது புஸ்தகத்துக்கு சரி. எங்கூர்ல எங்க ஆயா காலத்துல இருந்து அந்த நெட்ட மரத்துப் பட்டையத்தான் கஷாயம் வெச்சிக்கினு இருந்தாங்க. எங்க பெரிம்மாவுக்கு நின்னுச்சு. கண்ணால பாத்தவ நானு. பேரு இன்னாவா இருந்தா இன்னா, வேலை செஞ்சா செரி. எல்லாத்துக்கும் லத்தீனு பேரு கேட்டுக்கினு இருந்தா கெழவிங்க வைத்தியம் எல்லாம் அழிஞ்சிப் பூடும்.

குடியாத்தம்_வாத்தியார் | ஜூன் 4, காலை 7:30

பேத்தி, கோவிச்சுக்காத. பெரிம்மாவுக்கு அப்ப என்ன வயசு?

பேரணாம்பட்டு_பேத்தி | ஜூன் 4, காலை 7:41

அம்பது, அம்பத்தொண்ணு இருக்கும்.

குடியாத்தம்_வாத்தியார் | ஜூன் 4, காலை 7:44

அந்த வயசுல எந்தப் பட்டையும் குடிக்காமலேயே பல பேருக்கு நிக்கும்மா. மரத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது வயசு.

மருந்துக்கடை_ஆற்காடு | ஜூன் 4, மதியம் 2:15

நாங்க ஆற்காட்டுல மூணு தலைமுறையா நாட்டு மருந்துக் கடை. கடைக்காரன் பக்கத்தையும் கேளுங்க.

அசோகப்பட்டை நாங்க மரத்துல இருந்து எடுக்கிறதில்ல. மொத்த வியாபாரிகிட்ட மூட்டையில வரும். அவருக்கு வேறொருத்தர், அவருக்குக் காட்டுல சேகரிக்கிறவங்க. மூட்டை மேல "அசோக்"னு மார்க்கர்ல எழுதியிருக்கும், அவ்வளவுதான் ஜாதகம். வடக்க இருந்து வர்ற சரக்குல சால் மரத்துப் பட்டையும் கலந்து வந்திருக்கு, மந்தாரைப் பட்டையும் வந்திருக்கு. நெட்டிலிங்கம் கேட்கவே வேணாம், அங்கயும் அதுக்கு அசோக்னுதான் பேர். எங்க அப்பா மூட்டையைப் பிரிச்சதும் ஒரு துண்டை உடைச்சுப் பார்ப்பாரு, மென்னு பார்ப்பாரு, சரியில்லன்னா திருப்பி அனுப்பிடுவாரு. இப்ப பாதி பேர் பொடியாவே வாங்குறாங்க. பொடியை எப்படி உடைச்சுப் பார்க்கிறது?

நல்ல பட்டை எப்படி இருக்கும்னா, குழாயைப் பாதியா பிளந்த மாதிரி உள்ள வளைஞ்சிருக்கும். வெளிப்பக்கம் பச்சை கலந்த சாம்பல், கொஞ்சம் கருப்பு. தடவினா வட்ட வட்டமா சின்னச் சின்ன மேடு தட்டுப்படும், குறுக்கால கோடும் இருக்கும். உள்பக்கம் செம்பழுப்பு, நெடுக்க மெல்லிசா கோடு கோடா. உடைச்சா சிம்பு சிம்பா உடையும். உடைஞ்ச இடத்துல மேல்தோலுக்குக் கீழ ஒரு வெள்ளைக் கோடு விடாம ஓடும். அந்த வெள்ளைக் கோட்டைத்தான் எங்க அப்பா முதல்ல தேடுவாரு. ருசி சுத்தத் துவர்ப்பு.

ஆனா ஒண்ணு. செங்கல் நிறமும் துவர்ப்பும் இருந்தா அசோகுன்னு முடிவு பண்ணிடாதீங்க. துவர்க்கிற பட்டை ஊர்ல நூறு இருக்கு. கருவேலம், நாவல், அத்தி எல்லாமே துவர்க்கும். கண்ணும் நாக்கும் ஓரளவுதான். பெரிய கம்பெனிக்காரங்க லேப்ல போட்டுப் பார்க்கிறதே அதனாலதான்.

ஏன் கலப்படம்னு கேட்டா, மரம் இல்ல. பட்டைக்காக மரத்தைச் சுத்தி உரிச்சா மரம் செத்துடும். உலக அளவுல அழியக்கூடிய பட்டியல்ல 1998-லயே சேர்த்துட்டாங்க. காட்டுல இருக்கிறது கொஞ்சம், அந்தப் பட்டையைப் புளிக்க வெச்சுச் செய்ற அரிஷ்டம் விக்கிறது லட்சக்கணக்குல பாட்டில். கணக்கு எங்கயோ உதைக்குதா இல்லையா?

வார்டு_சிஸ்டர் | ஜூன் 4, மாலை 6:30

நான் நர்ஸ். இருபது வருஷமா பொம்பளைங்க வார்டு. மரம் எதுன்னு எல்லாரும் பேசியாச்சு, அம்மா எப்படி இருக்காங்கன்னு ஒருத்தரும் கேட்கல.

கழிஞ்சூர்க்காரி, இதுக்குப் பதில் சொல்லும்மா.

ஒரு நாளைக்கு எத்தனை பேட் மாத்தறாங்க? ஒரு மணி, ரெண்டு மணி நேரத்துல நனைஞ்சு போகுதா? கட்டி கட்டியா வருதா? படி ஏறினா மூச்சு வாங்குதா, நெஞ்சு படபடன்னு அடிக்குதா? கீழ் இமையை இழுத்துப் பார், உள்பக்கம் சிவப்பா இருக்கா, வெளுத்துப் போயிருக்கா? பச்சை அரிசி, சாம்பல், சுவத்து மண்ணு, ஐஸ் இந்த மாதிரி எதையாவது எடுத்து எடுத்துத் தின்னறாங்களா? ரத்தம் கடைசியா எப்ப பரிசோதிச்சது?

சிரிக்காத, அரிசி கேள்விதான் எனக்கு முக்கியம். ரத்தத்துல இரும்பு குறைஞ்சா அப்படித் தின்னத் தோணும்.

கழிஞ்சூர்க்காரி | ஜூன் 4, இரவு 9:58

சிஸ்டர், அரிசி கேள்வியைப் படிச்சதும் எனக்குக் கை நடுங்கிடுச்சு. அம்மா அரிசி களையும்போது ஒரு பிடி வாயில போட்டுக்குவாங்க. இந்த ஒரு வருஷமா அது ஜாஸ்தி. முந்தானையில முடிஞ்சு வெச்சுக்கிட்டு பீடி சுத்தும்போதும் மென்னுட்டே இருப்பாங்க. நாங்க கிண்டல்தான் பண்ணுவோம்.

பேட் கணக்கு தெரியல. அம்மா பேட் வைக்கிறதில்ல, பழைய புடவைத் துணிதான். காலையில நாலு மணிக்கே எழுந்து தொட்டிக்குப் பின்னாடி துவைச்சு, உள்பாவாடைக்கு அடியில காயப்போட்டு, நாங்க எழுந்திருக்கறதுக்குள்ள எடுத்துடுவாங்க. அதான் எட்டு மாசமா எனக்கே தெரியல. இன்னிக்குக் கேட்டதுக்கு "கட்டி வருதுடி, கல்லீரல் துண்டு மாதிரி"ன்னு ரொம்ப சாதாரணமா சொல்றாங்க.

பீடி வேலைக்கு சாக்கு விரிச்சு உக்காருவாங்க. எழுந்திருக்கும்போது முதல்ல முறத்தைத் தள்ளி வெச்சிட்டு, திரும்பிச் சாக்கைப் பார்ப்பாங்க. அது ஏன்னு இன்னிக்குத்தான் புரிஞ்சுது. முன்னெல்லாம் ஒரு நாளைக்கு ஆயிரம் சுத்துவாங்க. இப்ப அறுநூறு தாண்டல. கண்ணு மங்கிடுச்சுன்னு காரணம் சொல்லிட்டிருந்தாங்க.

கீழ் இமை வெள்ளையாத்தான் இருக்கு. ரத்தம் கடைசியா பரிசோதிச்சது நான் பொறந்தப்ப.

வார்டு_சிஸ்டர் | ஜூன் 4, இரவு 10:06

நாளைக்கே கூட்டிட்டுப் போ. நாளான்னிக்கு இல்ல, நாளைக்கு. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியோ, கிட்ட இருக்கிற வேற அரசு ஆஸ்பத்திரியோ, எதுவா இருந்தாலும் சரி. ஹீமோகுளோபின், தைராய்டு, வயித்து ஸ்கேன். கஷாயம் எதையும் இப்ப கொடுக்காத, கடைப்பட்டையும் வேணாம். ஏன்னு டாக்டருங்க யாராவது இங்க இருந்தா எழுதுவாங்க. போகும்போது கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போ, தலை சுத்தி விழுந்துடப் போறாங்க.

ஓ.பி._நம்பர்_12 | ஜூன் 5, காலை 8:20

நான் சித்த மருத்துவர், அரசுப் பணி. சிஸ்டர் சொன்னது முழுக்கச் சரி. எங்க ஓ.பி.க்கே வந்திருந்தாலும் இந்த அம்மாவை ஸ்கேன் எடுக்காம நான் தொட்டிருக்க மாட்டேன்.

பெரும்பாடுங்கறது ஒரு அறிகுறிக்குப் பேர். அதுக்குப் பின்னாடி கர்ப்பப்பையில நார்க்கட்டி இருக்கலாம், கர்ப்பப்பைச் சுவர் தடிச்சிருக்கலாம், தைராய்டா இருக்கலாம், மாதவிடாய் நிக்கப்போற வயசுல வர்ற ஹார்மோன் ஏத்த இறக்கமா இருக்கலாம். 45 தாண்டினவங்களுக்கு உள்சவ்வுல புற்றுநோய் இல்லன்னு உறுதி பண்ணிக்கணும். பட்டை எதுவா இருந்தாலும் இந்த வேலையைச் செய்யாது. துவர்ப்புப் பொருள் ரத்தப்போக்கைக் கட்டும்ங்கறது நம்ம மருத்துவத்தோட அடிப்படை, அதை நான் மறுக்கல. ஒரு வாரம் கட்டி நிறுத்திட்டா, உள்ள என்ன இருக்குன்னு பார்க்காம இன்னும் ஆறு மாசம் ஓடிடும். என் பயம் அதுல.

அசோகைப் பத்தி என்ன தெரியும்னா, பரம்பரையா பயன்படுத்தின அனுபவம் நிறைய. ஆய்வகத்துல கர்ப்பப்பைத் தசை மேல செஞ்ச சோதனைகள் கொஞ்சம். பெரிய அளவுல பெண்கள்கிட்ட முறையா செஞ்ச ஆய்வு ரொம்பக் கம்மி. அதுவும் மருந்து நிஜ அசோகா இருந்தாத்தான்.

எல்லாரும் கேட்கிற அசோகாரிஷ்டம் ஆயுர்வேத மருந்து. பைஷஜ்ய ரத்னாவளி நூல்ல இருக்கு. இப்போதைய அளவுல சொன்னா 4.8 கிலோ அசோகப்பட்டையை 49 லிட்டர் தண்ணியில போட்டு 12 லிட்டரா சுண்டக் காய்ச்சணும். அதுல 9.6 கிலோ வெல்லம், 768 கிராம் காட்டாத்திப்பூ, அப்புறம் சுக்கு, சீரகம், கோரைக்கிழங்கு, மரமஞ்சள், திரிபலை, மாங்கொட்டைப் பருப்பு, ஆடாதோடை, சந்தனம்னு ஒவ்வொண்ணும் 48 கிராம். மூடி வெச்சுப் புளிக்க விடுவாங்க. பட்டையை விட வெல்லம் ரெண்டு மடங்கு, கவனிச்சீங்களா? புளிக்கிறதால அதுலயே சாராயச் சத்து நூத்துக்கு அஞ்சு முதல் பத்து வரைக்கும் உண்டாகும். சர்க்கரை வியாதி இருக்கிறவங்க "மூலிகைதானே"ன்னு மடக் மடக்னு குடிக்கிறதைப் பார்த்திருக்கேன். கர்ப்பமா இருக்கலாம்னு சந்தேகம் இருந்தாலும் தொடக்கூடாது.

இன்னொண்ணு, இதை யாரும் சொல்றதில்ல. துவர்ப்புச் சத்து இரும்பைப் பிடிச்சு வெச்சுக்கும், உடம்புல சேர விடாது. டீக்கும் இதே கதைதான். ரத்தம் குறைஞ்ச ஒருத்தருக்குக் காலையில இரும்பு மாத்திரை கொடுத்துட்டு, கூடவே பட்டைக் கஷாயமும் டீயும் கொடுத்தா மாத்திரை பாதி வீண். சித்தத்துல ரத்தச் சோகைக்கு அன்னபேதிச் செந்தூரம்னு இருக்கு, அதுவே இரும்புதான். அதையும் டாக்டர் பார்த்துத்தான் கொடுக்கணும், கடையில கேட்டு வாங்கற சமாச்சாரம் இல்ல.

சைதாப்பேட்டை_கணக்கர் | ஜூன் 5, காலை 11:02

(நம்ம வேலூர் சைதாப்பேட்டைங்க, மெட்ராஸ் இல்ல.)

ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு சொல்றது சுலபம். என் அண்ணிக்கு 38 வயசுல இதே பிரச்சினை. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில முதல் நாளே "கர்ப்பப்பையை எடுத்துடலாம், பிள்ளைதான் ரெண்டு ஆயிடுச்சே"ன்னாங்க. எடுத்தாச்சு. அப்புறம் எலும்பு வலி, தூக்கமில்ல, திடீர் திடீர்னு வேர்த்துக் கொட்டுது. முட்டைப்பையையும் சேர்த்து எடுத்துட்டாங்கன்னு டிஸ்சார்ஜ் சீட்டைப் படிச்சப்பதான் எங்களுக்கே தெரிஞ்சது. ஜனங்க பட்டையைத் தேடி ஓடறது முட்டாள்தனத்தால மட்டும் இல்ல.

வார்டு_சிஸ்டர் | ஜூன் 5, இரவு 8:45

கணக்கர் சார் சொல்றது நடக்கிறதுதான். நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன். ரெண்டு பிள்ளை ஆச்சுன்னா அந்தப் பை சும்மா இருக்குன்னு நினைக்கிற டாக்டரும் உண்டு, அதைவிட அப்படி நினைக்கிற வீட்டுக்காரங்க அதிகம்.

அதனால போகும்போதே கேட்டுப் பழகணும். எடுக்காம வேற வழி இருக்கான்னு வாயைத் திறந்து கேளுங்க. ரத்தப்போக்கைக் குறைக்க ட்ரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை இருக்கு. ஹார்மோன் மாத்திரை இருக்கு. கர்ப்பப்பைக்குள்ளயே வைக்கிற ஹார்மோன் சாதனம் இருக்கு, ஒரு தடவை வெச்சா வருஷக்கணக்குல வேலை செய்யும். கட்டியை மட்டும் எடுக்கிற ஆபரேஷன் இருக்கு. எல்லாருக்கும் எல்லாம் ஒத்து வராது, ஆனா கேட்டாத்தான் சொல்லுவாங்க. பையை எடுத்தே ஆகணும்னா, முட்டைப்பையை விடுவீங்களா எடுப்பீங்களான்னு கையெழுத்து போடறதுக்கு முன்னாடி கேளுங்க. இன்னொரு டாக்டர்கிட்டயும் காட்டுங்க. கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும்.

நம்ம ஊர்ல இருந்துக்கிட்டு வெக்கப்பட்டு உக்காந்திருக்கிறதுதான் எனக்கு மனசு ஆறல. நம்ம சி.எம்.சி. ஆஸ்பத்திரியை ஆரம்பிச்ச ஐடா ஸ்கடர் டாக்டருக்குப் படிக்கப் போனதே எதனால? 1890-கள்ல திண்டிவனத்துல ஒரே ராத்திரியில மூணு பேர் வந்து கதவைத் தட்டினாங்க. மூணு பேர் பொண்டாட்டிக்கும் பிரசவம் கஷ்டம். ஆம்பளை டாக்டர் வேணாம்னுட்டாங்க, மூணு பொண்ணும் செத்துப் போச்சு. அந்த அம்மா படிச்சிட்டு வந்து 1918-ல வேலூர்ல பொம்பளைங்களுக்குன்னே மருத்துவப் பள்ளி ஆரம்பிச்சாங்க. நூறு வருஷம் தாண்டியாச்சு, நம்ம வீட்டுல இன்னும் நாலு மணிக்குத் துணி துவைச்சு ஒளிச்சு வைக்கிறோம்.

ஆரணி_பிண்டி | ஜூன் 6, மதியம் 3:33

இழைக்குக் கொஞ்சம் வெளியில. என் பேரைப் பார்த்து யாராவது கேட்பீங்கன்னு பார்த்தேன், கேட்கல. நாங்க ஆரணிப் பக்கம் நயினார் வீடு, தமிழ்ச் சமணர்கள். பிண்டின்னா அசோக மரம்தான். அருகனுக்குத் தமிழ்ல பிண்டியின் கீழ் அமர்ந்தவன்னே பேர் உண்டு. பழைய பாட்டுகள்ல செயலைன்னும் வரும்.

எங்க பாட்டி போளூர் பக்கம் திருமலைக்கு வருஷா வருஷம் கூட்டிட்டுப் போவாங்க. ராஜராஜனோட அக்கா குந்தவை கட்டின ஜினாலயம் இருக்கிற ஊர். எல்லாம் பழைய வடாற்காடுதான், 1989-ல ரெண்டா பிரிச்சாங்க. சின்ன வயசுல வீட்டு வாசல் நெட்டிலிங்கத்தைக் காட்டி "அசோகா மரம்தானே பாட்டி, கும்பிடட்டுமா"ன்னு கேட்டேன். "அது ஆபீஸ் மரம்டி, சாமி மரம் பூக்கும்"னாங்க. லத்தீன் பேர் எதுவும் தெரியாத கிழவிதான் சொன்னது, பேரணாம்பட்டு பேத்தி கவனிக்க.

பேரணாம்பட்டு_பேத்தி | ஜூன் 6, மாலை 5:10

கவனிச்சிட்டேன்க்கா. முந்தாநேத்து வாத்தியாரு சொன்னதையும் யோசிச்சிக்கினு கீறேன். பெரிம்மாவாண்ட போன்ல கேட்டா, "பட்டை குடிச்சது நாலு நாளு, கசக்குதுன்னு கீழ ஊத்திட்டேன், உங்க ஆயாவுக்கு சொல்லாத"ங்கறாங்க. இன்னா பண்றது.

வெயிலூரான் | ஜூன் 6, மாலை 5:26

திருவையாத்து அசோகா அல்வாவுலயும் பட்டை கலப்படம் இருக்குமான்னு யாராவது சொல்லுங்க.

கழிஞ்சூர்க்காரி | ஜூன் 14, இரவு 9:15

எல்லாருக்கும் கை எடுத்துக் கும்பிடறேன். பத்து நாளா எழுத முடியல.

5-ந்தேதி காலையிலயே போனோம். ஹீமோகுளோபின் 6.4. பொம்பளைங்களுக்கு 12 இருக்கணுமாம். ரத்தம் எடுத்த அக்கா ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு "இவங்க நடந்தா வந்தாங்க?"ன்னு கேட்டாங்க. உடனே சேர்த்துட்டாங்க. ரெண்டு யூனிட் ரத்தம் ஏத்தினாங்க, அப்புறம் இரும்பு ஊசி. ஸ்கேன்ல கர்ப்பப்பையில நார்க்கட்டி, 5 சென்டிமீட்டர். உள்சவ்வுல கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாங்க. ஆறு நாள் நான் தூங்கல. நேத்து வந்துச்சு, புற்றுநோய் இல்ல.

சிஸ்டர் சொல்லிக் கொடுத்த கேள்வியை அப்படியே கேட்டேன். டாக்டரம்மா கோவிச்சுக்கல. "வயசு 47, இன்னும் மூணு நாலு வருஷத்துல தானா நிக்க வாய்ப்பு இருக்கு, நின்னா கட்டியும் சுருங்கும், அதுவரைக்கும் மருந்துல சமாளிக்கப் பார்ப்போம், முடியலைன்னா ஆபரேஷனைப் பத்திப் பேசுவோம்"னாங்க. என்னென்ன சாப்பிட்டீங்கன்னு கேட்டப்ப அம்மா என்னைப் பார்த்தாங்க. நான் ரெண்டு பட்டையையும் பையில இருந்து எடுத்து மேஜை மேல வெச்சேன். அவங்க சிரிச்சுட்டு, "கஷாயத்தையும் டீயையும் மாத்திரையில இருந்து தள்ளி வைங்க"ன்னாங்க. டாக்டர் ஐயா இங்க எழுதின அதே விஷயம்.

அரிசி மெல்றது நின்னுடுச்சு. தானாவே. ஊசி போட்ட நாலாம் நாள் முந்தானையை அவுத்து அரிசியைக் கோழிக்கு வீசினாங்க.

நேத்து குடியாத்தம் போய் வாத்தியார் ஐயாவைப் பார்த்தேன். மீதியை அவரே சொல்லட்டும்.

குடியாத்தம்_வாத்தியார் | ஜூன் 15, காலை 6:55

பொண்ணு ரெண்டு பட்டையும் கொண்டு வந்துச்சு. முதல் பொட்டலம் நெட்டிலிங்கம், சந்தேகமே இல்ல. கடையில வாங்கினதுல ரெண்டு விதம் கலந்திருக்கு. மூணு துண்டுல மருந்துக்கடைக்காரர் சொன்ன வெள்ளைக் கோடு இருக்கு, வட்ட மேடும் இருக்கு. அசோகா இருக்கலாம். மீதி எல்லாம் வேற ஏதோ மரம். எந்த மரம்னு லென்ஸ் வெச்சுப் பார்த்தும் எனக்குத் தெரியல. நிஜத்தைக் கொஞ்சம் மேல தூவி வித்திருக்காங்க போல.

கொல்லையில கிணத்தடி நிழல்ல என்கிட்ட ஒரு அசோக மரம் இருக்கு, விதை போட்டு வந்தது. அதோட கன்று ரெண்டு பையில இருந்துச்சு, ஒண்ணைக் கொடுத்து அனுப்பினேன். நேர் வெயில்ல வைக்காதம்மா, தளிர் கருகிடும். பாத்திரம் கழுவற தண்ணி போற இடத்துல, சுவர் நிழல் விழற பக்கமா வை. சோப்புத் தண்ணி வேணாம். மருந்துக்குக் கொடுக்கல, பார்க்கிறதுக்குத்தான் கொடுத்தேன்.

மருந்துக்கடை_ஆற்காடு | ஜூன் 15, காலை 10:40

மேல தூவி விக்கிறது... ஐயா சொல்றது எனக்கும் சுடுது. நேத்து எங்க கடை மூட்டையையும் பிரிச்சுக் கொட்டிப் பார்த்தேன். முக்கால்வாசி திருப்பி அனுப்பறேன்.

கழிஞ்சூர்க்காரி | ஜூன் 16, இரவு 8:20

கன்று வெச்சாச்சு. அம்மாவே குழி தோண்டினாங்க, நான் தோண்டறேன்னா விடல. இன்னிக்கு பீடி எழுநூறு.

ஸ்கூல் காம்பவுண்டு மரத்துல பட்டை உரிச்ச இடத்துக்கு ஆயாவும் அம்மாவும் போய் சாணியும் செம்மண்ணும் குழைச்சுப் பூசிட்டு வந்தாங்க. "பாவம், அது என்ன பண்ணும்"னாங்க ஆயா.

வாத்தியார் ஐயா, பூ எப்ப வரும்னு அம்மா கேட்கச் சொன்னாங்க.

குடியாத்தம்_வாத்தியார் | ஜூன் 16, இரவு 8:31

ஆறேழு வருஷமாவது ஆகும்மா.

கழிஞ்சூர்க்காரி | ஜூன் 16, இரவு 8:40

சொன்னேன். "அதுக்குள்ள எனக்கே நின்னுடும்டி"ன்னு சிரிக்கிறாங்க.